அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
தராசுக்காரர் முள்ளைப் பார்க்காமலே
ஈரத்துக்கென்று ரெண்டு கிலோ கழிப்பார்.
இந்த மாசம் எனக்குப்
பதினொரு பேர், ஏழு அரைப்பேர்.
அரைப்பேர் எல்லாம் விஜேந்திரனுக்கென்று
முதல் தேதியே முடிவுபண்ணி வைத்திருந்தேன்.
முழுப்பேர் பிள்ளைகளுக்கு.

பதுளைக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு.
தெமோதரை வளைவில் வழக்கம்போல வாந்தி.
சவர்க்காரம் கொண்டுபோனால்
ரெண்டாய் வெட்டிக் குத்திப் பார்க்கிறார்கள்.
காசை யாரும் வெட்டுவதில்லை.

கம்பிச் சன்னலில் ஒரு தாள் தருவார்கள்.
கைதியின் பெயர். இலக்கம். தொகை.
நாலாவது கட்டம்தான் என்னை நிறுத்துவது:
உறவுமுறை.

ஆனியில் அக்கா என்றேன்.
ஆடியில் வேறொரு ஐயா, "கவுத?" என்று அதட்டினார்,
பின்னால் வரிசை தள்ளியது,
பொஞ்சாதி என்று வாயில் வந்துவிட்டது.
ஆவணியில் மச்சாள்.
வலைக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சிரித்தான்:
"வெளிய ஒத்தக்கட்டையா இருந்தேன்.
இங்க புஸ்தகத்துல குடும்பம் பெருகிப்போச்சு."
முன்பல் ஒன்று இல்லை.
எப்போது போனதென்று கேட்க
எனக்குத் தந்த ஐந்து நிமிஷத்தில் இடமில்லை.

உறவென்றால் ஒரு சுவர்.
எட்டாம் காம்பரா அவன், ஒன்பது நான்.
கூரைவரை ஏறாத சுவர்.
அவன் இருமினால் என் சின்னவன் முழித்துக்கொள்வான்.
நான் கருவாடு பொரித்தால் அவன் தட்டுவான்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.
இருக்கிறதென்று நினைத்தவர்கள்
கொழும்புக்குப் போன் போட்டார்கள்.
கடையில் நிற்கிற என் புருஷன்
மூணு நாள் பேசாமல் இருந்து
நாலாம் நாள் ரீலோட் கேட்டான்.

சவுக்கு மரம் விழுந்த ராத்திரி
கோடாலி ஒன்று, ஆள் ரெண்டு.
கடைசி மூணு வெட்டு என்னுடையது.
வாச்சர் டோர்ச் அடித்தபோது
நான் தேயிலைக்குள் குந்தியிருந்தேன்.
அட்டை ஒன்று கெண்டைக்காலில் ஏறி
நிதானமாய்க் குடித்துக்கொண்டிருந்தது.
"கூட யாரு?"
"யாருமில்ல."
கன்னத்தில் விழுந்த சத்தம் கேட்டது.
மறுபடியும் அதையேதான் சொன்னான்.

தண்டம் முப்பதாயிரம். கட்டாவிட்டால் ஆறு மாசம்.
என் அரைப்பேர்களைக் கோத்துக் கோத்துப் பார்த்தேன்,
ஒன்பது மாசம் வந்தது.
என்னைவிடச் சட்டமே அவனைச் சீக்கிரம் விட்டுவிடும்.
அதனால்தான் இந்தச் சவர்க்காரக் காசு, பீடிக் காசு.
உள்ளே தேயிலைத்தூளுக்கும் காசாம்.
"நம்ம மலைத் தூளுதான்" என்கிறான்,
"கூட்டித் தள்ளினத நமக்கே விக்கிறானுக."

மரம் இப்போது பொலிஸில் சாட்சி.
ஸ்டேசன் பின்னால் நனைந்து கிடக்கிறது,
வெட்டுவாயில் காளான் பிடித்திருக்கிறது.
நான் ஈர விறகை ஊதுகிறேன்.
சுவருக்கு அப்பால் இருமல் இல்லை.
சின்னவன் விடியும்வரை தூங்குகிறான்.

இன்றைக்குச் சன்னலில் ஒரு இளம்பிள்ளை,
மடிப்புக் கலையாத சட்டை.
நாலாவது கட்டத்தில் பேனையை ஊன்றி நிமிர்ந்தாள்.
உடைந்த தமிழில், மெதுவாக,
"யாரு ஒங்களுக்கு?"

யாருமில்ல, என்றேன்.

என்னைப் பார்த்தாள்.
என் விரல் நுனியில் கொழுந்துக் கறையைப் பார்த்தாள்.
பிறகு குனிந்து எழுதினாள்,
ஒரு சொல்லுக்கு அது அதிக நேரம்.

எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.
பஸ்ஸில் ரசீதை விரித்து விரித்துப் பார்த்தேன்.
வட்டம் வட்டமாய், நெருக்கமாய், கட்டத்தைத் தாண்டி.
சின்னவன் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறான்.
அவனிடம் காட்டலாம்.
காட்டாமலும் இருக்கலாம்.